‘ஹெல்த்’னு போட்ட சாமானுக்கு மாசம் 1,840 ரூபா ஆகுது. வாங்கலாமா, விட்டுடலாமா?

பவானி, திருப்பூர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கேன். வீட்டுக்காரர் பவர்டேபிள் டெய்லர். ரெண்டு பேருக்கும் சனிக்கிழமை சம்பளம். வீட்டுல பாப்பாவுக்கு 7 வயசு, ரெண்டாவது படிக்கிறா. அத்தைக்கு (வீட்டுக்காரரோட அம்மா) 61 வயசு, சர்க்கரை வந்து 9 வருஷம் ஆச்சு.

போன மாசம் மளிகை ரசீதை எடுத்து வெச்சு, உடம்புக்கு நல்லதுன்னு வாங்கினதை மட்டும் தனியா கூட்டிப் பார்த்தேன். பாப்பாவுக்கு மால்ட் பவுடர் ரெண்டு டப்பா 560. அத்தைக்கு ‘சர்க்கரை உள்ளவங்களுக்கு’ன்னு போட்ட பிஸ்கட் ஆறு பாக்கெட் 420. மல்டிகிரைன் ஆட்டா 5 கிலோ 390. ஒமேகா 3 முட்டை 30, அதுக்கு 360. இந்துப்பு ஒரு கிலோ 110. மொத்தம் 1,840 ரூபா. என் நாலு நாள் கூலி அது.

பாப்பா இன்னும் ஒல்லியாத்தான் இருக்கா, அடிக்கடி சளி பிடிக்குது. அத்தைக்கும் சர்க்கரை இறங்கல. நிறுத்தலாம்னு நினைச்சா, நாம காசைப் பார்த்துப் பிள்ளைக்குக் கொடுக்காம விட்டுட்டமோன்னு மனசு உறுத்துது. டீவியில வர்ற அம்மாக்களைப் பார்த்தா இன்னும் உறுத்துது.

இதெல்லாம் நிஜமாவே ஏதாச்சும் செய்யுதா? எதை வெச்சுக்கலாம், எதை விடலாம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

(இன்னொண்ணு. ரேஷன் அரிசியில பிளாஸ்டிக் அரிசி கலந்து வருதுன்னு அத்தை தினமும் முறத்துல போட்டுப் பொறுக்கி எறியுறாங்க. அதையும் யாராச்சும் சொன்னா நல்லது.)


இயற்கை விரும்பி, தர்மபுரி:

பாக்கெட்ல வர்றது ஒண்ணுமே வேண்டாம்மா. கம்பு, ராகி, கருப்பட்டி, இந்துப்பு, மரச்செக்கு எண்ணெய் போதும். நம்ம தாத்தா பாட்டி எந்தப் பவுடர் குடிச்சாங்க? கடையில விக்கிற மில்லட் குக்கீஸ் கூட நல்லா இருக்கு, பிள்ளைக்கு அதைக் கொடுங்க.


கரூர் மளிகைக்காரர்:

அம்மணி, கரூர் பக்கம் 21 வருஷமா மளிகைக் கடை வெச்சிருக்கேன். நீங்க சொன்ன அஞ்சு சாமானும் என் கடையிலயும் இருக்கு. விக்கிறவனே சொல்றேன், கேளுங்க.

முதல்ல ஒரு சம்பவம். ரெண்டு வருஷம் முன்னாடி அக்னி நட்சத்திரம் சமயம். தறி ஓட்டுற தம்பி ஒருத்தர் ராத்திரி கடை சாத்துற நேரத்துல ஓடி வந்தார். நாலு வயசுப் பையனுக்குக் காலையில இருந்து வயித்தால போகுது, வாந்தி வேற. மெடிக்கல் சாத்தியாச்சு, ஓஆர்எஸ் இருக்கான்னு கேட்டார். என்கிட்ட அட்டைப் பெட்டியில வர்ற ஜூஸ் மாதிரி ஒண்ணு இருந்தது. பேர்லயே ஓஆர்எஸ்னு பெருசா போட்டிருக்கும், ஆப்பிள் படம் இருக்கும். மூணு கொடுத்தேன். நல்லதுதானே கொடுத்தேன்னு நிம்மதியா வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

பையன் ராத்திரி பூரா அதைத்தான் குடிச்சிருக்கான். வயித்தால போறது கூடிப்போய் விடியக்காலம் ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தியிருக்காங்க. மூணாம் நாள் அந்தத் தம்பி கடைக்கு வந்தார். காலி அட்டையை என் மேஜையில வெச்சு, ‘டாக்டர் இதைத் திருப்பிப் படிக்கச் சொன்னாருங்க’ன்னார். ஒரு வார்த்தை திட்டல. திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்துல, இது வயிற்றுப்போக்குக்கு உரியது இல்லைன்னு போட்டிருந்தது. 19 வருஷம் சாமான் வித்தவன், ஒரு சாமானோட பின்பக்கத்தை அன்னைக்குத்தான் முழுசாப் படிச்சேன்.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற ஓஆர்எஸ்ல ஒரு லிட்டர் தண்ணிக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், அது போக பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. எல்லாம் சேர்ந்து 20.5 கிராம், அதுதான் சின்ன பாக்கெட்ல பொடியா வர்றது. சர்க்கரையும் உப்பும் அந்த அளவுல இருந்தாத்தான் குடல் தண்ணியை இழுக்கும். அந்த அட்டைப் பெட்டியில சர்க்கரை இதைப் போலப் பல மடங்கு. சர்க்கரை அதிகமானா உடம்புல இருக்குற தண்ணியையும் குடலுக்கு இழுத்து வெளிய தள்ளிடும். 2025 அக்டோபர்லதான் உணவுப் பாதுகாப்பு ஆணையம், இந்த அளவுல இல்லாத பானம் எதுவும் பேர்ல ஓஆர்எஸ்ங்குற வார்த்தையை வெக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. அதுக்கு ஹைதராபாத் குழந்தைகள் டாக்டர் ஒருத்தர் வருஷக்கணக்கா போராடினாங்க.

அதுல இருந்து எந்தச் சாமான் வந்தாலும் திருப்பிப் பார்த்துட்டுத்தான் தட்டுல அடுக்குறேன்.

இப்ப உங்க பட்டியலுக்கு வர்றேன். மால்ட் பவுடர் ஏன் எல்லாக் கடையிலயும் கண்ணுக்கு நேரா இருக்கு தெரியுமா? அந்தத் தட்டுக்கு டிஸ்ப்ளே காசு தர்றாங்க. துவரம்பருப்பு வித்தா எனக்குக் கிலோவுக்கு மூணு நாலு ரூபா நிக்கும். பவுடர் டப்பாவுல அதைவிட நல்லாவே நிக்கும், போதாததுக்கு ஸ்கீம்ல பக்கெட், டிபன் பாக்ஸ் எல்லாம் வரும். பொட்டுக்கடலைக்கும் வேர்க்கடலைக்கும் யாரும் டிஸ்ப்ளே காசு தர்றதில்ல, அதனால அது மூட்டையில கீழ கிடக்குது.

2024 ஏப்ரல்ல, இந்தப் பவுடர்களை ‘ஹெல்த் டிரிங்க்’ங்குற வகையில வெச்சு விக்கக்கூடாதுன்னு ஆன்லைன் கடைகளுக்கு மத்திய அரசு சொல்லிடுச்சு. ஏன்னா 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல ஹெல்த் டிரிங்க்னு ஒரு வகையே கிடையாது. நாம சின்ன வயசுல இருந்து கேட்ட அந்த வார்த்தைக்குச் சட்டத்துல இடமே இல்லைங்க.

நீங்க வாங்குற டப்பாவைத் திருப்பி ‘ஆடட் சுகர்ஸ்’ (தனியா சேர்த்த சர்க்கரை)ங்குற வரியைப் பாருங்க. என் கடையில இருக்குறதுல 100 கிராமுக்கு 30 கிராமைத் தாண்டினதும் இருக்கு. பாப்பா காலையில 20, சாயங்காலம் 20 கிராம் குடிச்சா, 12 கிராம் சர்க்கரை அந்த வழியிலயே போகுது. மூணு ஸ்பூன் சர்க்கரைக்குக் கிலோ 500 ரூபா விலை! பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 25 கிராம், அதாவது ஆறு ஸ்பூனுக்குள்ள நின்னா நல்லதுங்குது உலக சுகாதார நிறுவனம். பால் பிடிக்காத பிள்ளை பவுடர் போட்டாத்தான் பால் குடிக்கும்னா, ஒரு ஸ்பூன் போட்டுக் கொடுங்க, தப்பில்ல. ஆனா சத்து பால்ல இருந்து வருது, பவுடர்ல இருந்து வருதுன்னு நினைச்சு டப்பா டப்பாவா வாங்காதீங்க.

எண்ணெய் பாக்கெட்ல ‘கொலஸ்ட்ரால் இல்லை’ன்னு போட்டா அதுக்குத் தனியா காசு கொடுக்காதீங்க. எந்தச் செடியில இருந்து எடுத்த எண்ணெய்லயும் கொலஸ்ட்ரால் கிடையாது. ‘100 சதவீதம் பழச்சாறு’ங்குறதையும் 2024 ஜூன்ல எடுக்கச் சொல்லிட்டாங்க, பாதிக்கு மேல தண்ணி ஊத்திக் கலக்குறதுதான் அது.

என் பேரன் ரெண்டு பேருக்கும் வேர்க்கடலை உருண்டையும் அவிச்ச முட்டையும்தான் கொடுத்து விடுறேன். கடையில டப்பா அடுக்கி இருக்கும்போதே.


தரக்கட்டுப்பாடு, ஓசூர்:

சகோதரி, பிஸ்கட் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 11 வருடம் இருந்தேன். மளிகைக்கார அண்ணன் சொன்னதோடு ஒரு விஷயம் சேர்க்கிறேன். அதைப் புரிந்துகொண்டால் எந்தப் பாக்கெட்டையும் நீங்களே எடைபோடலாம்.

‘நார்ச்சத்து நிறைந்தது’ என்று முன்பக்கம் எழுத வேண்டுமானால் 100 கிராமில் 6 கிராம் நார்ச்சத்து இருக்க வேண்டும். ‘நார்ச்சத்து உள்ளது’ என்று மட்டும் எழுத 3 கிராம் போதும். ‘சர்க்கரை இல்லாதது’ என்றால் 100 கிராமில் அரை கிராமைத் தாண்டக்கூடாது. 2018இல் வந்த விதிகள் இவை. கவனியுங்கள், எல்லாமே 100 கிராமுக்கு. நீங்கள் பிஸ்கட் 100 கிராமா சாப்பிடுகிறீர்கள்? ஒரு பிஸ்கட் சுமார் 10 கிராம். ரெண்டு சாப்பிட்டால் கிடைக்கும் நார்ச்சத்து 1.2 கிராம். ஒரு கைப்பிடி, அதாவது 25 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 5 கிராமுக்குக் குறையாது.

எங்கள் ஆலையில் இதற்கென்று ஒரு சோதனை உண்டு. மாவில் தவிடு சேர்த்துக்கொண்டே போவோம். 5.8 வந்தால் இன்னும் கொஞ்சம், 6.1 வந்தால் நிறுத்திவிடுவோம். அதற்கு மேல் தவிடு போட்டால் பிஸ்கட் உதிரும், வாயில் நறநறக்கும். உங்கள் வயிற்றுக்கு எவ்வளவு தேவை என்பதை வைத்து அந்த 6 வரவில்லை, அந்த வார்த்தையை அச்சடிக்க எவ்வளவு தேவை என்பதை வைத்து வந்தது. நான் அதில் கையெழுத்துப் போட்டவன், அதனால்தான் சொல்கிறேன்.

சர்க்கரை உள்ளவர்களுக்கான பிஸ்கட்டில் முதல் பொருள் என்ன என்று பாருங்கள். எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. ‘ரிஃபைன்டு வீட் ஃப்ளோர்’ என்று இருந்தால் அது மைதா. அடுத்து பாமாயில் இருக்கும். வெள்ளைச் சர்க்கரை இல்லை என்பது உண்மைதான். ஆனால் மைதா வயிற்றுக்குள் போனதும் குளுக்கோஸ்தானே ஆகிறது? மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் பொடி) என்று ஒன்று இருந்தால் அது இன்னும் வேகமாக ஏறும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரு நாள் பிஸ்கட்டும் இன்னொரு நாள் சுண்டலும் கொடுத்து, ரெண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பாருங்கள்.

மல்டிகிரைன் மாவு: பேரில் பெருமையாகச் சொல்லும் தானியத்தின் சதவீதத்தைப் பின்பக்கம் எழுதியாக வேண்டும். நான் பார்த்த பலவற்றில் கோதுமையே 90 சதவீதத்தை ஒட்டி இருக்கும், மீதி 10இல்தான் ராகி, சோயா, ஓட்ஸ், கடலை, சோளம் எல்லாம். 5 கிலோ கோதுமையோடு அரைக் கிலோ ராகி, கால் கிலோ கொண்டைக்கடலை போட்டு மாவு மில்லில் அரைத்தால் இதைவிட நன்றாக இருக்கும், விலையும் குறையும். தர்மபுரி நண்பர் சொன்ன மில்லட் குக்கீஸுக்கும் இதே பரிசோதனைதான். எத்தனை சதவீதம் சிறுதானியம், எத்தனை சதவீதம் மைதா என்று பாருங்கள். வெல்லம் போட்டிருந்தாலும் அது சர்க்கரைதான்.

எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன். ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்து ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் என்பது நிரூபணமானது, 1997இலேயே அமெரிக்க அரசு அதை எழுத அனுமதித்தது. ஆனால் அதற்கு ஒரு நாளைக்கு 3 கிராம் வேண்டும், சுமார் 75 கிராம் ஓட்ஸ் சாப்பிட்டால்தான் அது கிடைக்கும். ஓட்ஸ் பிஸ்கட்டில் அது நடக்காது. ஒமேகா முட்டையும் பொய் இல்லை. கோழிக்கு ஆளிவிதை போட்டால் முட்டையில் ஒமேகா 3 என்ற நல்ல கொழுப்பு கூடும். ஆனால் நீங்கள் மீன் சாப்பிடுகிறவர் என்றால் வாரம் ஒரு நாள் மத்தி மீன் வாங்குங்கள், அதில் இதைவிடத் தாராளமாக இருக்கிறது. நாமக்கல் சாதா முட்டையிலும் ஒன்றுக்கு 6 கிராம் புரதம் இருக்கிறது.


நர்ஸ் அக்கா, பெரம்பலூர் மாவட்டம்:

பவானி, நான் கிராம சுகாதார செவிலியர். நீங்க அடைப்புக்குறிக்குள்ள கடைசியா எழுதின விஷயத்துக்குத்தான் நான் முதல்ல பதில் சொல்லணும். எனக்குப் பதறிப்போச்சு.

அது பிளாஸ்டிக் இல்லைம்மா. அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசியைத்தான் மாவாக்கி, அதுல இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூணும் கலந்து, இடியாப்பம் பிழியுற மாதிரி மிஷின்ல அச்சு வழியா தள்ளி, அரிசி நீளத்துக்கு நறுக்கிக் காயவெக்கிறாங்க. அந்த மணியை 100 கிராம் சாதா அரிசிக்கு 1 கிராம் வீதம் கலக்குறாங்க. 2023ல தமிழ்நாட்டு ரேஷன்ல இதைக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. மாவுல செஞ்சது, அதனால கொஞ்சம் மஞ்சளா, கண்ணாடித்தன்மை இல்லாம இருக்கும், சிலது தண்ணியில மிதக்கும். அதைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுறாங்க. என் ஏரியாவுல முழு மூட்டையையும் மாட்டுக்கு வெச்ச வீடு இருக்கு.

கணக்குப் பாருங்க. உங்களுக்கு மாசம் 20 கிலோ அரிசி வந்தா, அதுல அந்த மணி 200 கிராம் இருக்கும். ஒரு கிலோ அரிசிக்கு 28ல இருந்து 42.5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கணும்ங்கிறது அரசு அளவு. ஒரு ஆள் நாளைக்கு 200 கிராம் அரிசி சாப்பிட்டா 5.6ல இருந்து 8.5 மில்லிகிராம். உங்களை மாதிரிப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேணும்னு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்லுது, பாப்பா வயசுக்கு 15. அத்தை முறத்துல இருந்து குப்பைக்குப் போடுறது அந்தச் சத்துதான். அதே சத்தைத்தான் நீங்க 560 ரூபா கொடுத்துச் சர்க்கரையோட டப்பாவுல வாங்கிட்டு வர்றீங்க.

இந்த அரிசி மட்டும் சாப்பிட்டா ரத்தசோகை போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளை 2019ல காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தப்போ, ரத்தசோகை குறையுறதுல பெரிய வித்தியாசம் தெரியலன்னுதான் வந்தது. டாக்டர்களுக்குள்ளயே இதுல ரெண்டு கருத்து இருக்கு. ஆனா இலவசமா சோத்தோட சேர்ந்து வர்றதை எதுக்குப் பொறுக்கி எறியணும்? தலசீமியா, சிக்கிள் செல் மாதிரி ரத்தக் கோளாறு வீட்டுல யாருக்காவது இருந்தா மட்டும் டாக்டரைக் கேட்டுக்கங்க. மத்தவங்க தாராளமா சாப்பிடலாம். அஞ்சாறு தடவை தேய்ச்சுக் கழுவாதீங்க, ரெண்டு தடவை போதும். சோறு வடிச்சா, கஞ்சியைக் கீழ ஊத்தாம குடிச்சிடுங்க.

சாப்பிட்டதும் டீ குடிக்கிற பழக்கம் இருக்கா? பனியன் கம்பெனியில பத்தரை மணி டீ எனக்குத் தெரியும். டிபனோட சேர்த்துக் குடிச்சா இரும்புச்சத்து உடம்புல சரியா ஒட்டாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. சோத்துக்கு எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி ஏதாவது ஒரு புளிப்பு சேர்த்துக்கங்க. அது இரும்பை இழுத்துக் கொடுக்கும்.

பாப்பா அரசுப் பள்ளியா? வாரம் ஒரு நாள் ரோஸ் கலர் மாத்திரை தருவாங்களே, 45 மில்லிகிராம் இரும்பு அது. வாயில போட்டுட்டு வெளிய துப்புற பிள்ளைங்க நிறைய. முழுங்குறாளான்னு கேளுங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை பூச்சி மாத்திரையும் உண்டு. பூச்சி இருந்தா நீங்க என்ன ஊட்டினாலும் பிள்ளை தேறாது. அதை முதல்ல பார்க்காம பவுடர் மாத்தி மாத்திக் கொடுத்துப் பிரயோஜனம் இல்ல.

இந்துப்பைப் பத்தி ஒண்ணு சொல்லணும். தர்மபுரி ஐயா கோவிச்சுக்காதீங்க. பாக்கெட்ல அயோடின்னு எழுதியிருக்கான்னு பாருங்க. நிறைய இந்துப்புல கிடையாது. முன்கழுத்துக் கழலை வந்த அம்மாக்களை எங்க சீனியர் நர்ஸுங்க கண்ணால பார்த்திருக்காங்க. 1962ல கழலை ஒழிப்புத் திட்டம் ஆரம்பிச்சு, உப்புல அயோடின் கலந்த பிறகுதான் அது குறைஞ்சது. யாருக்கும் ருசி தெரியாம, ஒரு பைசாவும் பெருசா கூடாம நடந்த நல்ல காரியம் அது. 110 ரூபா கொடுத்து அந்த அயோடினை விட்டுடாதீங்க. 25 ரூபா உப்பு போதும். மூடி போட்ட டப்பாவுல அடுப்புக்குத் தள்ளி வெச்சு, குழம்பு இறக்கும்போது போடுங்க, அயோடின் சூட்டுல போயிடும். பால், எண்ணெய் பாக்கெட்லயும் கூட்டல் குறியோட ‘எஃப்’னு ஒரு முத்திரை இருக்கும். வைட்டமின் ஏ, டி சேர்த்ததுன்னு அர்த்தம். வழக்கமா வாங்குற விலையில அது கிடைச்சா அதையே வாங்குங்க.

கருப்பட்டியும் சர்க்கரைதான், அத்தைக்குக் கொடுக்காதீங்க. ராகி நல்லது, 100 கிராம்ல 350 மில்லிகிராமை ஒட்டிக் கால்சியம் இருக்கு. ஆனா கூழா கரைச்சுக் குடிச்சா சர்க்கரை சட்டுனு ஏறும். களியாவோ அடையாவோ அளவா, கீரையோட கொடுங்க.

கடைசியா, நீங்க உங்க ரத்தத்தைப் பார்த்தீங்களா? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்க பட்டியல்ல பாப்பாவுக்கு ஒண்ணு, அத்தைக்கு ஒண்ணு இருந்தது. உங்களுக்குன்னு ஒண்ணும் இல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் இலவசமா பார்ப்பாங்க, போங்க.


இயற்கை விரும்பி, தர்மபுரி:

நர்ஸம்மா, கோபம் இல்லைங்க. எங்க வீட்டு இந்துப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், அயோடின் இல்லை. நாலு வருஷமா அதுதான் சாப்பிடுறோம். மருமக முழுகாம இருக்கா. இன்னைக்கே மாத்திட்டேன். சொன்னதுக்கு நன்றி.


பவானி, திருப்பூர் (அஞ்சு வாரம் கழிச்சு):

எல்லாருக்கும் நன்றிங்க. வேலை நெருக்கடியில உடனே எழுத முடியல. ஷிப்மென்ட் நேரம்.

ஓசூர் அண்ணன் சொன்ன மாதிரி அத்தைக்குக் குத்திப் பார்த்தோம். ஞாயித்துக்கிழமை காலையில வெறும் வயித்துல 138. அந்த பிஸ்கட் நாலும் சர்க்கரை போடாத டீயும் கொடுத்து ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா 214. அடுத்த ஞாயிறு வெறும் வயித்துல 141, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் அதே டீயும் கொடுத்தோம், 169. அத்தை மீட்டரைத் தானே வாங்கி ரெண்டு தடவை பார்த்தாங்க. ‘இதுக்குத்தான் ஆறு பாக்கெட்டா’ன்னு கேட்டாங்க. பிஸ்கட் நின்னுடுச்சு. டாக்டர்கிட்டயும் அந்த எண்களைக் காட்டினோம், மாத்திரையை மாத்தி எழுதியிருக்கார்.

பவுடர் டப்பா முடிஞ்சதோட வாங்கல. பாப்பா முதல் ரெண்டு நாள் வெறும் பாலைத் தள்ளிவிட்டா. வறுத்த வேர்க்கடலையும் ஒரு பேரீச்சம்பழமும் அரைச்சுப் போட்டுக் கொடுத்தேன், குடிக்கிறா. ரோஸ் மாத்திரையைக் கேட்டேன் அக்கா. டெஸ்க் ஓட்டைக்குள்ள போட்டுட்டு வந்திருக்கா, கசக்குதாம். அவ மிஸ்கிட்ட சொல்லிட்டேன், இப்ப அவங்க முன்னாடி முழுங்குறா. பூச்சி மாத்திரையும் போட்டாச்சு.

முட்டை சாதா முட்டை. கோதுமையும் ராகியும் வாங்கி மில்லுல அரைச்சோம். சப்பாத்தி கொஞ்சம் கருப்பா வருது, வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லல.

அரிசி விஷயத்துலதான் அத்தை லேசுல ஒத்துக்கல. நர்ஸ் அக்கா எழுதினதை உரக்கப் படிச்சுக் காட்டினேன். அன்னைக்குப் பொறுக்கி வெச்ச மணி ஒரு குத்து இருந்தது. அதைக் கிண்ணத்துல போட்டு வெந்நி ஊத்தி மூடி வெச்சாங்க. அரை மணி நேரம் கழிச்சுத் திறந்து, ஒண்ணை எடுத்து ரெண்டு விரல்ல வெச்சு நசுக்கினாங்க. மாவா குழைஞ்சது. நுனி நாக்குல வெச்சுப் பார்த்துட்டு, ‘அரிசி மாவுதான்டி’ன்னாங்க. பிளாஸ்டிக்கா இருந்தா இப்படிக் குழையாதுல்லன்னு அவங்களே சொல்லிட்டு, மிச்சத்தை எடுத்துப்போய் இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியில கொட்டிட்டாங்க. பக்கத்து லைன் வீட்டு ஆத்தாவுக்கும் இப்ப அவங்கதான் செஞ்சு காட்டுறாங்க.

நான் ரத்தம் பார்த்தேன் அக்கா. ஹீமோகுளோபின் 9.2தான் இருக்கு. ரெண்டு மூணு மாசமா மிஷின் சத்தத்துல தலை சுத்துதுன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன். மாத்திரை கொடுத்திருக்காங்க, டீயையும் பதினொண்ணரைக்குத் தள்ளிட்டேன், எங்க லைன்ல இன்னும் நாலு பேர் தள்ளியிருக்காங்க. மாத்திரை சாப்பிட்டா வயிறு இறுக்கமா, கருப்பா போகுது. அது பயப்படுற மாதிரியா, இல்ல அப்படித்தான் இருக்குமா? ராத்திரி படுக்கும்போது போட்டுக்கலாமா?


நர்ஸ் அக்கா, பெரம்பலூர் மாவட்டம்:

கருப்பா போறது இரும்பாலதான், பயப்படாதே தங்கம். ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுப் போட்டுக்கோ, குமட்டல் தெரியாது. தண்ணி நிறைய குடி, கொய்யாப்பழமோ கீரையோ தினமும் சேர்த்துக்கோ. பால்ல மாத்திரை போடாதே, எலுமிச்சைத் தண்ணியில போடு. ஒரு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்த்துட்டு எண்ணை இங்க எழுது.